மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டரை

லிவா மணலில் ஐந்து வருஷம் ஜீப் ஓட்டினேன்.
மேட்டில் கம்பளம், வெள்ளிக் கூஜா, பேரீச்சை.
அங்கி போட்டு கஹ்வா ஊற்றிய
பாலைவனத்துப் பெரியவர்
என் அறைக்கூட்டாளி, முல்தான்காரன்.
முப்பத்திரண்டு வயது. தாடிக்கு மாவு.

இப்போது அப்புத்தளையில் பனிமூட்டம் காட்டுகிறேன்.
வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களாவில் இரண்டு இரவு,
மூன்றாம் நாள் நிரலில்
தொழிலாளர் வீடு, ரொட்டி, கட்டச் சம்பல்,
இருபது நிமிஷம்.

ஆறாம் லயம், நாலாம் காம்பரா.
குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு.
தவமலர் வாசலுக்கு வந்து
“வாங்க சேர்” என்றாள்,
எனக்கும் சேர்த்து.
பீங்கான் தட்டெல்லாம் கம்பனி கொடுத்தது.

மழைக்கு ஒழுகுமா என்று கேட்டார்கள்.
“சட்டி வைக்க இடமில்ல” என்றாள்.
கொஞ்சம், என்று மொழிபெயர்த்தேன்.

சின்னவன் உதட்டைக் கடித்துக்கொண்டு
அடுப்போரம் நின்றான்.
அந்தச் சொல்லை இன்றைக்கு மட்டும்
வாயில் எடுக்காதே என்றிருந்தேன்.

ஜெர்மன்காரி ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள்.
இவளுடைய கணவர் எங்கே?

கேட்டுச் சொன்னேன்.
தவமலர் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.
ஓரம் கருகியிருந்தது.

“இன்னும் பாலைவனத்துலதான்னு
சொல்லுங்க சேர்.”