அவள் விரல் தூக்கும்போது

பெட்டி இருநூற்று எண்பது வெள்ளி.
சிரம்பானிலிருந்து மோட்டாரில் கொண்டுவந்த யுகேந்திரன்
பொத்தானை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.
நான் அவன் உதட்டைப் பார்த்தேன்.
"கேக்குதாண்ணே?" என்றது உதடு.
தலையாட்டினேன்.
செம்பனை ஆலையில் இருபத்திரண்டு வருடம்
கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றவன்
எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தலையாட்டுவான்.

சில்வண்டு மாதிரிச் சத்தமாம், ஐயாயிரம் ஹெர்ட்ஸ்.
அதைக் கேட்டால் இலை வாய் திறக்குமாம்.
திறந்த வாயில் தெளித்தால்
வேருக்கு ஊற்றுவதைவிடச் சீக்கிரம் சேருமாம்.
பன்னிரண்டு வெள்ளி பூதக்கண்ணாடியில்
மிளகாய் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.
பச்சை, நரம்பு, ஒரு வெள்ளை ஈ.
மனிதர் வாயைப் படித்துப் பிழைக்கிறவன் நான்.
இந்த வாய்கள் அகப்படவில்லை.

பகாவுக்கு வெளியே, மின்கோபுரத்துக்கடியில்
எங்கள் நானூறு பை மிளகாய்.
நிலமும் எங்களுடையதல்ல, கோபுரமும் இல்லை.
மழை நாளில் கம்பி உறுமும் என்பது
தனபாக்கியம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தெளிக்கும் தண்ணீர் என் வேலை.
பசாரில் ஆ லெக் கடையின் கெம்போங் குடல், செவுள்,
அதே எடைக்குக் கருப்புச் சர்க்கரை,
மூடிய வாளியில் மூன்று வாரம்.
திறக்கிற அன்று நாலாம் மாடி முழுக்க ஜன்னல் சாத்தும்.
பத்து லிட்டருக்கு இரண்டு மூடி, அவ்வளவுதான்.
கூடினால் இலை கருகிவிடும்.

பழைய பம்ப் ஒன்று வீட்டில் கிடந்தது.
தோட்டம் கைமாறியபோது
அவளுக்கு மிஞ்சியது அது மட்டும்.
லாலான் கருகக் கருக அதைத்தான் சுமந்தாள்.
நகம் நிறம் மாறி உதிர்ந்ததும்,
பெரட்டுக் களத்தில் மூக்கில் ரத்தம் வந்ததும்
அதைச் சுமந்த காலத்தில்தான்.
சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள்.
முகர்ந்தாள்.
"இதுல சோறு போட முடியாது" என்றாள்.
சிவப்பில் புதிது வாங்கினோம், எண்பத்தைந்து வெள்ளி.

காலை ஏழு. வெளிச்சம் பாதிதான் வந்திருக்கும்.
பெட்டியைக் கம்பத்தில் மாட்டுவாள்.
சத்தம் வந்ததும் ஒரு விரல் தூக்குவாள்,
பதினைந்து நிமிடம் கழித்து இரண்டு.
குனிந்து இலைக்கடியில் நுழைந்து
மேல்நோக்கி அடிப்பேன், பனி மாதிரி, சொட்டாமல்.
வெயில் கோபுரத்தின் கீழ்க்கைக்கு இறங்குமுன்
நானூறையும் முடித்தாக வேண்டும்.

இருபதாம் நாள் இலை கையகலம்.
முப்பதாம் நாள் பூ கொட்டாமல் நின்றது.
யுகேந்திரனுக்குப் படம் அனுப்பினேன்,
அவன் யார் யாருக்கோ அனுப்பினான்.
ஜெம்போலிலிருந்து ஹாஜி ரொஸ்லான் விடியவே வந்தார்.
முட்டி போட்டு இலைகளைத் தடவினார்,
பெட்டியைப் போடச் சொன்னார்.

தனபாக்கியம் விரல் தூக்கினாள்.
அவர் காதைச் சாய்த்தார். பெட்டிக்கு அருகே போனார்.
சத்தமே இல்லையே, என்றது
அவர் உதடு, மலாயில்.

பின்பக்கம் திறந்தேன்.
பேட்டரி இருக்க வேண்டிய குழியில்
எறும்பு முட்டை.

"எப்ப எடுத்த?"
"நாலாம் நாளே. பல்லு கூசுது.
ரெண்டு டார்ச்லைட்டுல, ரெண்டு கடியாரத்துல."
"பின்ன எதுக்கு விரலத் தூக்குன?"
அதற்கு ஏதோ சொன்னாள்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதால்
படிக்க முடியவில்லை.

ஹாஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
பெட்டி வேண்டாம் என்று
மீன் தண்ணீர் இரண்டு போத்தல் வாங்கிப் போனார்.
யுகேந்திரனுக்கு நான் இன்னும் எதுவும் அனுப்பவில்லை.
சத்தமில்லாமலும் வளர்ந்ததா,
நாலு நாள் சத்தமே போதுமாயிருந்ததா,
யாரிடம் கேட்பது?

மறுநாளும் காலி பெட்டியை மாட்டினாள், பழக்கம்.
கோபுரத்தின் கீழ்க்கையில்
ஒரு முராய் வந்து உட்கார்ந்தது.
கறுப்பு வெள்ளை, வால் நட்டுக்கொண்டு.
அதன் தொண்டை அசைவது இங்கிருந்தே தெரிந்தது.
திரும்பி அவளைப் பார்த்தேன்.
கை ஏற்கெனவே பாதி மேலே.
பம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.