வில்லங்கம்

ஐகானை மூன்று முறை குப்பையில் போட்டேன்.
மூன்று முறையும் மறுநாள் காலை
மெஷினைப் போட்டதும் அதுவே முந்திக்கொண்டு எழுந்தது:
‘உரிமம்: அ. ஞானசிகாமணி.
வணக்கம், ஞானசிகாமணி.’

நான் ஞானசிகாமணி இல்லை.
அவன் போய்ப் பதினோரு மாதம்.
எதிர்ச் சாரியில் டயர்க்கடை மாடியில்
புது போர்டு, புது பிரிண்டர், பழைய வாடிக்கை.
கணக்குத் தீர்த்தபோது ஜெராக்ஸ் மெஷின் அவனுக்கு,
கம்ப்யூட்டரும் வாடகை பாக்கியும் எனக்கு.
ஆனாலும் ஒத்தக்கடையில் நான் அடிக்கிற ஒவ்வொரு பத்திரமும்
அவன் பேரைச் சொல்லித்தான் கண் விழித்தது.

வாசலில் பேரைக் கழற்றினால்
குடியிருந்தவன் காலி செய்தான் என்று ஆகுமா?
பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள்,
எனக்கே இது உறைக்க இத்தனை நாள்.

ஞாயிற்றுக்கிழமை. பதிவு ஆபீஸ் பூட்டு.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
கண்ட்ரோல் பேனல். பட்டியல். அந்தப் பெயர். நீக்கு.
‘உறுதியாகவா?’ என்றது.
சார்பதிவாளர் ஒரு தடவைதான் கேட்பார்,
இது இரண்டு தடவை கேட்டது.
பச்சைப் பட்டை தொண்ணூற்றெட்டு வரை ஓடி
அங்கே நின்று யோசித்தது, யானைமலை மாதிரி.
பிறகு சொல்கிறது:
‘சிலவற்றை நீக்க முடியவில்லை.
நீங்களே நீக்கிக்கொள்ளலாம்.’

சரி. வில்லங்கம் பார்க்கிறது நமக்குப் புதிதா?

மறைந்திருந்த ஃபோல்டர்களை வெளியே வரச் சொன்னேன்.
ரெஜிஸ்ட்ரிக்குள் போனேன்.
நம் ரெஜிஸ்ட்ரி இல்லை, கம்ப்யூட்டர் வயிற்றில் ஒன்று இருக்கிறது;
அங்கேயும் எது யார் பேரில் என்பதுதான் பேச்சு.
முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.
பதினேழு இடத்தில் அவன்.
ஒவ்வொன்றாய்த் தேடித் தேடி அழித்தேன்,
கண் எரிய எரிய.

கடைசியில் அகப்பட்டது அவன் குறுஞ்சொல் பட்டியல்.
‘சசு’ என்று தட்டினால்
சர்வ சுதந்திர பாத்தியமாய்.
‘புபௌ’ என்றால்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்.
‘மங்’ என்றால்
மங்கை, டீ சொல்லு.

பக்கத்து நாற்காலியில்தானே இருந்தேன்.
வாயால் சொன்னால் என்ன?

அதையும் அழித்தேன். வேகத்தில்
அவன் கொண்டுவந்த எழுத்துருக்களையும் சேர்த்து.
குப்பையைக் காலி செய்து, மெஷினை அணைத்துப் போட்டேன்.
யாரும் வணக்கம் சொல்லவில்லை.
மேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

திங்கள் காலை கொடிக்குளத்து வெள்ளைக்கண்ணு.
பாகப்பிரிவினைப் பத்திரம், பத்து வருசத்துக்கு முந்தியது.
அசலைக் கரையான் தின்றுவிட்டது,
நகல் மனுப் போட்டால் பத்து நாள் ஆகும்,
வெளியே பைக்கில் சர்வேயர் காத்திருக்கிறார்.
‘ஒங்க மெஷின்ல இருக்கும்ல தாயி?’

இருந்தது. திறந்தேன்.
பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து,
எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி.
இரவு மழையில் நெட்டும் போயிருந்தது.
எதிர்ச் சாரிக்குப் போனால் ஒரு நிமிட வேலை.
போகவில்லை.
வெள்ளைக்கண்ணு திரையைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்,
‘எங்க நெலத்தக் காணோமே’ என்கிறார்.

கையை சும்மா கீபோர்டில் வைத்தேன்.
டி, எல், எஃப், அரைப்புள்ளி, பெரிய என், எஃப்.
விரல் தானாக நகர்ந்தது.
வ. ட. க். கே.

வடக்கே... என்றேன்.
அவர் நிமிர்ந்தார்.

வடக்கே கண்மாய்க் கரைக்கும் தெற்கு,
கிழக்கே சோலையன் வகையறா புஞ்சைக்கு மேற்கு,
கிணற்றில் நாலில் ஒரு பாகம்,
மோட்டார் முறை வாரம் இரண்டு நாள்...

‘மெதுவாத் தாயி’ என்றார் வெள்ளைக்கண்ணு.
‘சர்வேயரு எழுதிக்கிறாரு.’