சங்குப்பூ நீலம்

முதலில் செருப்புதான் சொன்னது.
துணி காயப்போடப் போனவளின் காலடியில்
ப்ச் என்றது மண்.
மழை பெய்து ஒன்பது நாள்.

கெலுகோரில் எங்களுடையது மூலைக்கு முந்தின வீடு.
பின்கட்டு ஆறடிக்குப் பத்தடி.
ஒரு கறிவேப்பிலை, ரெண்டு தொட்டி பண்டான்,
கேஸ் தோங்கு,
இவர் எதற்கோ எடுத்துவைத்த டயர்.
அவ்வளவுதான் என் நாடு.
அதன் எல்லையில் ஊறிக்கொண்டிருந்தது
யாருடையதென்று தெரியாத தண்ணீர்.

குழாய்களையெல்லாம் மூடிவிட்டு
மீட்டர் முன் முட்டி போட்டேன் அரைமணி நேரம்.
சிவப்பு முள் அசையவில்லை.
அப்படியென்றால் நம்முடையது இல்லை.
எழுந்தபோது முட்டி வலித்தது,
மனசு லேசாக இருந்தது,
குற்றமில்லாதவளின் லேசு.

வேலிக்கு அந்தப் பக்கம் காக் ரோஹாயா,
சோறும் பலகாரமும் செய்து விற்கிறவள்.
எங்க அடுப்படி காய்ஞ்சு கிடக்கு, வந்து பாரு, என்றாள்.
போய்ப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது.
ஒரு தட்டுப் பலகாரத்தோடு திரும்பினேன்.
தின்றுகொண்டே சந்தேகப்பட்டேன்.

இரண்டாம் மாதம்
டைல்ஸ் வாய் பிளந்தது.
தொட்டதும் உதிர்ந்தது மஞ்சள் கறிவேப்பிலை,
தாளிக்கக்கூட ஆகாது.
நகராண்மைக்கழகத்துக்குப் போன் போட்டேன்.
தண்ணீர் வாரியத்தைக் கேளுங்கள்.
வாரியத்துக்குப் போட்டேன்.
மீட்டரைத் தாண்டினால் எங்களுடையது அல்ல.
பக்கத்து வீட்டில் பேசிப் பாருங்களேன் என்றது அந்தக் குரல்,
இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல.

மலாயில் கடிதம் எழுதினேன்.
முதலாவதில் வழக்கறிஞர் இருந்தார்.
இரண்டாவதில் நாலு ‘தயவுசெய்து’.
மூன்றாவதில் என் பெயர்கூட இல்லை.
மூன்றும் ரொட்டி டின்னுக்கு அடியில்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை
ஈர மண்ணில்
நீலம்.
வேரைச் சுற்றி மை கொட்டினாற்போல
மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தது.
சங்குப்பூ.
அன்றைக்கு அவளுக்கு
நூற்றைம்பது பேருக்கு நீலச்சோறு ஆர்டர்.
பூ ஊறவைத்த சட்டியை சிங்க்கில் கழுவியிருக்கிறாள்.

பதினொரு படம் பிடித்தேன்.
வேலிக்கு மேலே போனை நீட்டினேன்.
அவள் படத்தைப் பார்த்தாள்.
பிறகு தன் கையைப் பார்த்தாள்,
அதுவும் நீலம்.
போச்சோர், என்றாள்,
யாரோ இறந்துபோன செய்திபோல.

சாயங்காலமே சுவா வந்தார் கடப்பாறையோடு.
அவள் பக்கம் மூன்றடி தோண்டினார்.
குழாய்க்கு ஒன்றுமில்லை.
கட்டினவன் சிக்கனக்காரன்,
ரெண்டு வீட்டுக் கழிவுக்கும் ஒரே தடம்.
தடத்தைப் பிடித்துக்கொண்டே வேலிவரை வந்தார்,
வேலி தாண்டி வந்தார்,
எங்கள் சமையலறைச் சுவரடியில் நின்றார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்
நாங்கள் நீட்டிக் கட்டிய சுவர்.
அனுமதி வாங்கவில்லை.
இவரும் இவர் தம்பியும்
ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஊற்றிய காங்கிரீட்.
அதன் பாதம்
அவள் குழாயின் கழுத்தில்.

சுவா ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை மட்டும் அணைக்காமல் பிடித்திருந்தார்.
இவர் டயரை நகர்த்தி வைத்தார்.
பிறகு இருந்த இடத்துக்கே நகர்த்தினார்.

ஆயிரத்து நானூறு வெள்ளி.
முழுதும் நான் தருகிறேன் என்றேன்.
பாதி, என்றாள்.
முழுதும்.
அப்போ நானூறாவது நான் தர்றேன், என்றாள்,
பூ என்னுடையதுதானே.
சிரித்தாளா கோபமா தெரியவில்லை,
இருட்டிவிட்டது.
வேலிக்கம்பியில் விரல்கள் மட்டும்.

மண் காய்ந்துவிட்டது.
கறிவேப்பிலை பிழைக்கவில்லை.
குச்சியைப் பிடுங்கவும் இல்லை,
கொடியின் ஒரு முனை அதில்தான் கட்டியிருக்கிறது.
துணி காயப்போடுகையில்
கால் இன்னும் மெதுவாகத்தான் இறங்குகிறது.

ரொட்டி டின்னை மட்டும்
தூக்கிப் பார்க்கவில்லை.
அடியில் வழக்கறிஞர் இருக்கிறார்.