பழுப்பு

ரதோமிர் என் வீட்டுக்குக் குடிவந்தபோது
கொண்டுவந்தது இரண்டு பை துணி,
கைப்பிடி உடைந்த ஒரு வாணலி,
முப்பது லிட்டர் தண்ணீர்.

தண்ணீரா, என்றேன்.
இங்கே குழாயில் வராதா, என்றேன்.
இது பழகின தண்ணீர், என்றான்.
மூடிபோட்ட பெயிண்ட் வாளி மூன்று.
டிராமில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்குக்கும்
மன்னிப்புக் கேட்டபடியே வந்தானாம்,
வாளிகளிடம்.

எனக்குச் சிரிக்க உரிமையில்லை.
ஏழு வருஷமாகச் சமையலறை மேசையில்
சிவப்பு இறால் வளர்க்கிறவள் நான்.
செம்புக் குழாய் போட வந்த பிளம்பரை
வாசலோடு திருப்பி அனுப்பியவள்.
காலுறை ஆலையில் எனக்குச் சாயம் பார்க்கிற வேலை:
அட்டையிலுள்ள சிவப்பும் நூலிலுள்ள சிவப்பும்
ஒன்றா இல்லையா, அவ்வளவுதான்.
வீட்டிலும் அதே கண்.
முதுகில் கொஞ்சம் வெளுப்பு விழுந்தாலும்
வலையில் அள்ளி ஜன்னலோர ஜாடிக்கு மாற்றிவிடுவேன்.
அந்த ஜாடியில் இருப்பவற்றை எண்ணியதில்லை.

அவனுடையவை நீலம்.
மையில் முக்கி எடுத்த பேனா முள்போல.
ஆகவே இரண்டு தொட்டி, இரண்டு வலை,
இரவெல்லாம் குமிழ்விடும் பஞ்சு வடிகட்டி இரண்டு,
நடுவில் ரொட்டி வெட்ட ஒரு சாண் இடம்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
அவன் தொட்டியின் மூலைப் பசை விட்டுப்போனது.
கீழ்வீட்டு ஹிப்போலிதா துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடித்து எங்களை எழுப்பியபோது
பாதித் தண்ணீர் அவள் கம்பளத்தில்.
வெளியே மைனஸ் பதினாலு.
ஈரத் தரையில் முழங்காலிட்டு,
சரிந்து கிடந்த பாசிக்குள் விரல்விட்டு,
பொறுக்கினோம்.
நாற்பத்தொன்று.
எங்கே போடுவது என்று அவன் கேட்கவில்லை.
என் தொட்டியைப் பார்த்தான்,
உடனே பார்வையை எடுத்துக்கொண்டான்.
இன்று ராத்திரி மட்டும், என்றேன்.

அந்த ராத்திரி மார்ச் வரை நீண்டது.
கடையில் புதுத் தொட்டி இருந்தது,
விலையும் அப்படியொன்றும் இல்லை.
இரண்டு பேருமே
அந்தத் தெருவைச் சுற்றிப் போகப் பழகியிருந்தோம்.

பெண் இறால் சட்டை உரித்த அன்று
வாசனை தண்ணீரில் கரைகிறது.
ஆண்கள் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றுகின்றன.
அவளைத் தேடுகிற அவசரத்தில் அட்டை பார்ப்பதில்லை எதுவும்.

பிறந்தவை இமைமுடி அளவு. நிறம் தெரியவில்லை.
மே மாதம் தெரிந்தது:
சிவப்பில்லை, நீலமில்லை,
நான் ரகசியமாக எதிர்பார்த்திருந்த
ஊதாவும் இல்லை.
ஆறிப்போன தேநீர்.

சிவப்புக்குத் தலைக்கு ஆறு ஸ்லோட்டி தருகிற
சந்தைக் கடைக்காரர் குவிரின்
டார்ச் அடித்துப் பார்த்தார்.
தூண்டிலில் கோக்கலாம், என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.
ஓடையில் இருந்த காலத்தில் எல்லாம் இந்த நிறம்தானாம்.
யாரோ பொறுக்கிப் பொறுக்கித்தான் சிவப்பு.
யாரோ பொறுக்கிப் பொறுக்கித்தான் நீலம்.
பொறுக்கும் கை ஓய்ந்தால் திரும்பிவிடுமாம்.

வீட்டுக்கு வந்து ஜாடியையும் தொட்டியில் கவிழ்த்தேன்.
பதினேழு.

எங்கள் ஊர் வூச். படகு என்று பொருள்.
படகு விட ஆறு கிடையாது.
இருந்தவற்றை ஆலைக்காரர்கள் எப்போதோ
தெருவுக்கு அடியில் போட்டு மூடிவிட்டார்கள்.
திங்கள் சிவப்பாக ஓடினவை, செவ்வாய் நீலமாக.
இப்போது என்ன நிறமென்று
மேலே நடக்கிற யாருக்கும் தெரியாது.

நேற்று ஆலையிலிருந்து நிற அட்டைக்கட்டைத் திருடிவந்து
கண்ணாடியோடு வைத்துப் பார்த்தேன்.
நானூற்றுச் சொச்சம் பழுப்பு.
இது இல்லை.
ஆனால் இதற்குள்ளே எல்லாம் தெரிகிறது:
தின்ற பாசி இறங்கிப்போகும் பச்சைக் கோடு,
தலைக்குப் பின்னால் ஒரு துடிப்பு,
வயிற்றடியில் முட்டைகளை ஓயாமல் விசிறும் கால்கள்.
ஏழு வருஷம் சிவப்பையே பார்த்தவளுக்கு
இதைப் பார்க்க வாய்க்கவில்லை.

தூக்கக் கலக்கத்தில் ரதோமிர் வந்து நின்று
ஒன்று செத்துக் கிடக்கிறது, என்றான்.
சட்டை அது, உரித்துப் போட்டிருக்கிறது.
எடுத்துவிடவா, என்றான்.
இருக்கட்டும், அவையே தின்றுவிடும்.
அப்புறம் ரொட்டி வெட்டினோம்.
மேசையில் இப்போது
இரண்டு தட்டுக்கு இடம் இருக்கிறது.