ஒரு புள்ளி இரும்பு

வாசலிலேயே நிறுத்திவிட்டாள் ஜோஸ்லின்.
இருபத்து நான்கு வயது, நீலத் தலைமுடி.
"அந்த ஏப்ரனைக் கழற்றி வெளியே மாட்டுங்கள்.
போன பருவத்துச் செம்மண் ஒட்டியிருக்கிறது."
கழற்றினேன்.
வின்னிபெக்கில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
தேவாலயத்து நிலவறையில்
பன்னிரண்டு சக்கரம், ஒரே ஹீட்டர்.

வெள்ளை மண்ணுக்குத் தனி வாளி,
தனிப் பஞ்சு, தனிக் கம்பி, தனித் துண்டு.
சிவப்பு பிடித்த கை
முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் வரவேண்டும்.
சிரித்துக்கொண்டே சொன்னாள்,
மனதில் ஒன்றுமில்லை அவளுக்கு:
இரும்புத் தூள் ஒன்றே ஒன்று போதும்,
சூளையில் காட்டிக்கொடுத்துவிடும்.

குழாயடியில் நின்று கழுவினேன்,
வெகுநேரம்.
நகக்கண்ணில் ஒரு கோடு மட்டும் போகவில்லை.

பகலில் எனக்குப் பல் லேபில் வேலை.
பதினேழு வருடமாகப் போர்சலின் பற்கள்.
மேசையில் ஒரு சட்டம்,
அதில் வெள்ளையின் பதினாறு சாயல்:
மஞ்சளோடிய வெள்ளை, சாம்பல் வெள்ளை,
சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லும் வெள்ளை.
சுத்த வெள்ளையில் ஒரு பல்லை
இதுவரை எந்த வாயிலும் பார்த்ததில்லை.
அதனால்தான் துணிந்து பணம் கட்டினேன்,
போர்சலின் எனக்குப் பழக்கம் என்று.

பழக்கமாவது!
அங்கே தூரிகை நுனியில் தொட்டு வைப்பது.
இங்கே ஒரு கிலோ வெண்ணெய்
சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டு
நான் என்ன செய்வேன் என்று பார்க்கிறது.
தண்ணீர் காட்டினால் குடித்துக்கொண்டே இருக்கிறது,
குடித்தபின் காலை நீட்டிப் படுத்துவிடுகிறது.
முதல் வாரம் ஐந்து சரிவு.
இரண்டாம் வாரம், பக்கத்துச் சக்கரத்து டுவேன்,
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்,
என் குவளை மடிவதைப் பார்த்து
"கடைசி நிறுத்தம், எல்லோரும் இறங்குங்கள்" என்றார்.

மூன்றாம் வாரம் ஒன்று எழுந்தது.
பலகைக்கு மாற்றும்போது பெருவிரல் பட்டு
விளிம்பு ஒரு பக்கம் வளைந்தது.
நிமிர்த்திவிட்டேன், யாரும் பார்க்குமுன்.
ஜோஸ்லின் பார்த்திருக்கிறாள்.
"இதற்கு ஞாபகம் உண்டு," என்றாள்.
"இப்போது நேராக நிற்கும்.
ஆயிரத்து முந்நூறு டிகிரியில் நினைவு வந்து
பட்ட பக்கமே திரும்பச் சாயும்."

பஸ் வரப் பதினோரு நிமிடம் இருந்தது.
எங்கள் டீக்கடைக் கூரையில்
அலுமினியக் குவளை செருகியிருக்கும், எங்களுக்கென்று.
குடித்துவிட்டு நாங்களே கழுவிச் செருக வேண்டும்.
ஒன்பது வயதில் ஒருமுறை
கண்ணாடி டம்ளரை எடுத்துக் குடித்தேன்,
தெரிந்தேதான்.
அது உடைந்த சத்தம் காதில் இருக்கிறது.
உடைத்தது நானில்லை, கடைக்காரர்.
விலையை அப்பா கொடுத்தார்.

ஜோஸ்லினிடம் இதைச் சொல்லவில்லை.
மண்ணுக்குச் சாதியில்லை, வேதியியல்தான் உண்டு
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் சூளை திறந்தார்கள்.
ஏழில் ஒரு பங்கு சுருங்கி
உள்ளங்கைக்குள் அடங்கிற்று.
விளிம்பு, சொன்ன சொல் தவறாமல்,
பட்ட பக்கம் சாய்ந்திருந்தது.
இடுப்பில், மச்சம் மாதிரி,
பழுப்பாய் ஒரு புள்ளி.
"அடடா, எங்கிருந்து வந்தது?
தேய்த்துப் பார்க்கலாமா?"
வேண்டாம் என்றேன்.
மூன்று வாரமும் நகம் வெட்டாமல் போனது
மறதிதானா என்று
என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் லேபில்
பதினாறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றுகூடப் பொருந்தவில்லை.
ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்தேன்.
பனியில் பட்டுத் திரும்பிய வெயில்
சுவர் கடந்து உள்ளே வந்தது.
மறுபுறம் என் நான்கு விரல்களும் நிழலாய்த் தெரிந்தன.
புள்ளி மட்டும்
ஒளியை விடவில்லை.

டீ ஊற்றினேன்.
சாய்ந்த பக்கம் உதட்டுக்குச் சரியாக இருந்தது.
குடித்துவிட்டுக் கழுவவில்லை.
அப்படியே சிங்க்கில் வைத்துவிட்டு
வேலையைப் பார்க்கப் போனேன்.