முதலில் பொருந்தும் விதி

ரியேகா துறைமுகத்தில் இரவெல்லாம் புரா காற்று.
காலை ஏழரைக்குத் துன்யா வந்தாள்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்
சர்வர் பதிவுகளைத் திறந்தாள்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். ஒரு கைபேசி.
கேட்ட பக்கம்: இன்றிரவு படுக்க இடம்.
பதில்: முந்நூற்றிரண்டு.
அதாவது, இங்கே இல்லை, அங்கே போ.
அங்கே இருந்தது லாகின்.
மூன்று பதின்மூன்று. அதே பக்கம். அங்கே போ.
மூன்று பதின்மூன்று. மறுபடியும்.
பிறகு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை வெத்ரான் செய்த மாற்றம்.
கெட்டவன் இல்லை,
மகளின் நீச்சல் போட்டிக்கு நேரமாகியிருந்தது.
விதிகளை நிரல் மேலிருந்து படிக்கும்,
முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும்.
அவன் உச்சியில் எழுதியது:
எல்லாப் பாதைக்கும் பெயர் வேண்டும்.
ஐந்தாம் வரியில்:
இந்த ஒரு பாதைக்கு வேண்டாம்.
ஐந்தாம் வரிவரை எவரும் போய்ச் சேரவில்லை.

ஐந்தைத் தூக்கி ஒன்றுக்கு மேலே வைத்தாள்.
அவ்வளவுதான் திருத்தம்.

காப்பகத்தில் தங்கியவர்களின் கோப்புக்குப் பெயர் கட்டாயம்,
அதில் தயவு தாட்சண்யம் கிடையாது:
ஒருத்தி ஒளிந்திருக்கும் அறை எண்ணை
அவளைத் தேடுகிறவன் படித்துவிடக் கூடாது.
எத்தனை கட்டில் காலி என்பதற்கோ
சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.
சொன்னவருக்குப் போன மாதம் கேட்ட மருந்து நினைவிருக்கும்.
சொல்லாதவருக்கு
எண்ணிக்கை, தெருப்பெயர், எந்தப் பக்கக் கதவு.

வந்தது யார் என்று ஜாவா கேட்டுப் பார்க்கும்.
பெயரற்றவருக்குக் கிடைக்கும் விடை: நல்.
துன்யாவின் மொழியில் அதற்குப் பக்கத்துவீட்டுச் சொல் நூலா, சுழியம்.
நான் அதைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.
நல் என்று பாதியில் நின்று
அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறது.

மதியம் வெத்ரான் மெதுவாகக் கேட்டான்,
அந்த ஆள் என்ன ஆனார்?
தெரியாது. ரயில் நிலையத்துப் பொது வைஃபை, அவ்வளவே.
பெயரில்லாமல் வருபவரைப் பற்றி
எதையும் சேமிக்கக் கூடாதென்று
போன வருடக் கூட்டத்தில் சண்டை போட்டவள்
துன்யாதான்.

மாலையில் ஒரு சோதனை எழுதினாள்:
யாருமாக இல்லாமல் வா,
இருநூறு கிடைத்தால் பச்சை, இல்லையேல் சிவப்பு.
சோதனைக்கு ஒரு பெயர் கட்டாயம் என்றது கருவி.
கொஞ்ச நேரம் யோசித்து,
மூன்று பன்னிரண்டு என்று வைத்தாள்.