கணக்காய்வு வினா 41க்கு விளக்கம்

ஐயா,
'திறப்பு விழாச் செலவு' என்ற தலைப்பின் கீழ்
பன்னிரண்டு அடிப் பீலி ஏழும்
வடிகுழாய் மூன்றும்
ஒரு ரின் தார்ப்பசையும் எப்படி வந்தன
என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொம்பனித்தெரு மண்டபத்தில் மழை பெய்தால்
ஜி வரிசை, பதினோராம் இருக்கை நனையும்.
அதற்கு நேர் மேலே ஓட்டில் ஒரு பிழையும் இல்லை.
மேற்குப் பீலியில் அரசங்கன்று முளைத்து அடைத்துவிட்டது.
தண்ணீர் சுவருக்குள் இறங்கி,
மரச்சட்டத்தைப் பிடித்து இருபது அடி நடந்து,
களைத்த இடத்தில் சொட்டுகிறது.
நம்முடைய கோப்புகளும் அப்படித்தான் நடக்கின்றன,
சொட்டுவதுதான் இல்லை.

முதல் மதிப்பீடு
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
செல்லுபடி அறுபது நாள்.
கோப்பு மூன்றாம் மாடிக்குப் போய்த் திரும்ப
எழுபத்தாறு நாள்.
அதற்குள் டொலர் ஏறியது,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தகரமும்.
இரண்டாம் மதிப்பீடு ஒன்பது லட்சம்.
'பராமரிப்பு' வாக்குப்பணத்தில் அன்று மிச்சம்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபா.
இரண்டு வாளி வாங்கினேன்.
பொருட்பதிவேடு, பக்கம் 63. வந்து பார்க்கலாம்.
ஒன்றுக்குக் கைபிடி இல்லை.

பிறகு ஒரு வங்கி வந்தது.
இரண்டு பேர், வியர்க்காத சட்டையோடு.
பெயர்ப்பலகை எங்கே வரும் என்று கேட்டார்கள்.
காவலாளி துவான் ரம்ஸீன்
ஏணி வைத்து அவர்களைப் பீலிக்குக் கூட்டிப்போனார்.
"இது கீழே இருந்து பார்த்தால் தெரியாதே" என்றார் ஒருவர்.
"தெரிந்தால் அது பீலி இல்லை, சேர்."
முகப்புக்குப் பால்நிறப் பூச்சு அடிக்கப்பட்டது.
மிக அழகு. நானும் படம் எடுத்தேன்.

பூச்சுக்கு ஒரு திறப்பு விழா.
அதற்கு ஏழு லட்சம்
ஒரு கேள்வியும் இல்லாமல்
ஒன்பது நாளில் வந்தது.
மலர் வளைவு, கூடாரம், மேளக்குழு,
வானத்திலிருந்து படம் பிடிக்கும் பூச்சி,
நாடா வெட்டப் பொன்முலாம் கத்தரிக்கோல்.
விலைக்கோரல்களை மேசையில் பரப்பி வைத்திருந்தேன்.
வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.
முதல் சொட்டு விழுந்த சத்தம் எனக்குத் தெரியும்,
வாளியின் அடி தகரம்.

மலர் வளைவைப் பாதியாக்கினேன்.
பூச்சியை வெட்டினேன்.
கத்தரிக்கோல், தையல்காரி பஸ்லூனாவிடம் இரவல்.
மிச்சத்தை எடுத்துக்கொண்டு குவாரி வீதிக்குப் போனேன்.
சிறிசோம பாஸும் துவானும் இரண்டு இரவு வேலை.
அரசங்கன்றைத் துவான் வீசவில்லை,
வாளியில் நட்டு வைத்திருக்கிறார்.
(பக்கம் 63இல் ஒரு வாளி குறைவதற்கு அதுவே காரணம்.)

விழா அன்று கொட்டித் தீர்த்தது.
பிரதம விருந்தினர் மரபுரிமை பற்றி
நாற்பது நிமிடம் பேசினார்.
ஜி பதினொன்றில் யாரோ ஒருவரின் சாரதி
வாயைத் திறந்தபடி தூங்கினார்.
நான் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.

ஐயா, ஒன்றும் நடக்கவில்லை.
அதற்கு நான் என்ன ரசீது இணைப்பது?

தொகையை என் சம்பளத்தில் பிடிப்பதாக எழுதியுள்ளீர்கள்.
பிடியுங்கள். தவணையாக என்றால் நல்லது,
மார்ச்சில் மகனுக்குப் பல்லுக்குக் கம்பி போட வேண்டும்.

இப்படிக்கு,
பு. யோகமலர்
முகாமைத்துவ உதவியாளர்

பி.கு:
கிழக்குப் பீலி இன்னும் பாக்கி.
ஐப்பசி மழைக்கு முன்
எதையாவது திறந்து வைக்க முடியுமா?